அத்தை நட்ட மேஜை

எங்கள் அத்தை யார் வீட்டுக்குப் போனாலும் உடனே உட்கார மாட்டாள். நாற்காலியோ பெஞ்சோ, போட்டதை இரண்டு கையாலும் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டுவாள். ஆடினால் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பையைத் திறப்பாள். மற்றப் பெண்களின் பையில் வெற்றிலை பாக்கு இருக்கும். இவள் பையில் மரச் சில்லு, கொட்டாங்கச்சித் துண்டு, மடித்த அட்டை. குனிந்து, எந்தக் கால் குட்டை என்று பார்த்து, அதற்கு அடியில் சில்லைச் செருகி, மறுபடியும் ஆட்டி, அதற்கப்புறம்தான் உட்காருவாள். அதுவரை வீட்டுக்காரி காப்பி டம்ளரோடு நின்றுகொண்டிருக்க வேண்டும்.

இதைப் பைத்தியம் என்று சொன்னவர்கள் உண்டு. சொன்னவர்களில் பாதிப் பேர் வீட்டில் சோறு தின்கிற மணைப் பலகைகூட ஆடும். வாழ்நாள் முழுக்க ஆடுகிற பலகையில் உட்கார்ந்துகொண்டு, அதைச் சரி செய்கிறவளைப் பார்த்துச் சிரிப்பது என்ன புத்தி? எனக்கு அவர்கள் மேல் அப்போதும் கோபம், இப்போதும் கோபம்.

அவள் என் அப்பாவின் அக்கா. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்தாள். குட்டையான, அகலமான உடம்பு. நிற்கும்போது காலைப் பரப்பித்தான் நிற்பாள். பேசும்போது எதிரில் இருக்கிறவர்களை இடித்துக்கொண்டே பேசுவாள். மனிதர்களும் நேராக நிற்கிறார்களா என்று பார்க்கிறாளோ என்று தோன்றும்.

இந்தக் குணம் எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டும் சேருகிற இடத்தைக் கோர்வை என்பார்கள். அதற்கு ஒருவர் போதாது. நெய்கிறவர் தறியில் இருக்க, கரைக்கு மட்டும் நூல் சுற்றிய நாடாவைக் குறுக்கே எறிய இன்னோர் ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். சின்ன வயதில் அவள் எங்கள் தாத்தாவோடு அப்படி உட்கார்ந்தவள். நட்ட தறிக்கால் இளகித் தறி கொஞ்சம் அசைந்தால் கோர்வை கோணும். கோணினால் திட்டு அவளுக்குத்தான் விழும். தறி ஆடியது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அதனால் உட்காருவதற்கு முன்னால் தறிக்காலைப் பிடித்து ஆட்டிப் பார்க்கப் பழகினாள். பிறகு உலகத்தையே ஆட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

ஒருமுறை டூரிங் கொட்டகைக்கு அவளோடு சினிமாவுக்குப் போனோம். படத்தில் கதாநாயகி கிணற்றில் குதிக்கப் போகிறாள். கொட்டகை முழுக்கப் பெண்கள் மூக்கைச் சிந்துகிறார்கள். அத்தை எழுந்து நின்று, "எல்லாம் எந்திரிங்கமா, பெஞ்சு ஆடிக்கினு இருக்குது" என்றாள். அந்த பெஞ்சில் இருந்த அத்தனை பேரையும் எழுப்பிச் சில்லு செருகினாள். பின்னால் இருந்தவன் கத்தினான்.

"யம்மா, குந்துமா! அவ சாவப் போறா அங்க!"

"அவ சாவ மாட்டாபா. இது உடைஞ்சா நாங்கதான் சாவோம். நீ வாய மூடிக்கினு படத்தப் பாரு."

பங்குனி உற்சவத்தில் சாமி புறப்படுவதற்கு முன்னால், வாகனத்தைக் கட்டியிருக்கும் தண்டுகளை அவள் போய்ப் பிடித்து ஆட்டுவாள். யாரும் தடுக்க மாட்டார்கள். தடுத்துப் பயனில்லை என்று சாமி தூக்குகிறவர்களுக்குத் தெரியும். "இன்னா அத்தே, இந்த வருசம் தூக்கலாமா?" என்று கிண்டல் செய்வார்கள். "அந்தப் பக்கம் கயிறு தொளதொளன்னு இருக்குது. இறுக்கிட்டுத் தூக்கு" என்பாள். சிரித்துக்கொண்டே போய் இறுக்குவார்கள். இறுக்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அவள் எல்லாவற்றிலும் சரி என்று நான் சொல்ல மாட்டேன். என் அக்காவுக்குப் பார்த்த முதல் வரனை அவள்தான் கெடுத்தாள். மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், கூடத்தில் போட்டிருந்த பெஞ்சை ஆட்டினாள். ஆடியது. சில்லு செருகவில்லை. உட்காராமலே வெளியே வந்துவிட்டாள். "குந்துற பெஞ்சையே சரியா வெக்கத் தெரியாதவன் பொண்டாட்டிய எப்படி வெச்சிப்பான்?" என்றாள். அந்த மாப்பிள்ளை பின்னால் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தான். அத்தை பார்த்த கணக்கு அங்கே தப்பு. அக்கா அதைச் சொல்லிக் காட்டினால், "அவன் நல்லாதான் இருக்கான். பெஞ்சு இன்னும் ஆடிக்கினுதான் இருக்குது. போய்ப் பாத்துட்டு வந்தேன்" என்பாள்.

மாமாவைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும் அவள் பதில் ஒரே வரி. அந்த மனிதர் நினைத்தால் பெங்களூர் போவார், நினைத்தால் சேலம் போவார், தீபாவளிக்குப் போனவர் ஆடிக் கிருத்திகைக்குத்தான் திரும்பி வருவார். "ஆட்டிப் பாக்காம நான் ஊட்டுக்குக் கொண்டாந்தது அந்த ஒரு ஆளத்தான்" என்பாள். சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள். பக்கத்தில் இருப்பவர்களும் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை.

இனி மேஜைக்கு வருகிறேன். அறுபதுகளின் கடைசி. எங்களிடம் கார் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கார் ஷெட் மட்டும் இருந்தது. வீட்டை எங்கள் தாத்தாவுக்கு விற்ற ஜவுளிக்காரர் கார் வைத்திருந்தார். அவர் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். ஷெட்டை ஓட்டிக்கொண்டு போக முடியாது, அதனால் எங்களுக்கு வந்தது. வாசல் பக்கம் ரெட்டைக் கதவு, இடது சுவரில் கதவை ஒட்டி ஒரு ஜன்னல், மேலே ஓடு. பின்சுவருக்கு அப்பால் அகலமான சந்து. காலையில் அந்தச் சந்தில்தான் தெருக்காரர்கள் பாவு விரிப்பார்கள். தறியில் ஏற்றப்போகிற பட்டு நூல் அத்தனையையும் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சிக்கெடுத்துச் சுருட்டுகிற வேலை அது. ஷெட்டுக்குள் நாங்கள் விறகு போட்டிருந்தோம். கோழி முட்டையிட்டது.

நான் ஒரு பஸ் கம்பெனியின் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தேன். அங்கே ஒரு போர்மேன். பிரேக்கைச் சரியாகப் பூட்டாதது அவன். ஏச்சு வாங்கியது நான். "தறிக்காரன் புள்ளைக்கு இன்ஜின் எதுக்குடா? போய் நாடா எறி" என்று எல்லார் முன்னாலும் சொன்னான். நான் அவனை அடிக்கவில்லை. கையில் இருந்த ஸ்பேனரைத் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இனி நம் ஷெட்டிலேயே வேலை செய்யலாம் என்று முடிவு செய்தேன்.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. அவர் நெசவுக்காரர். மாதச் சம்பளம் என்பது அவருக்குக் கோபுரம் மாதிரி. அதிலிருந்து ஒருவன் தானாக இறங்கி வருவான் என்று அவரால் நம்ப முடியவில்லை. நான் பக்கத்து ஊரான ஓரிக்கைக்குச் சைக்கிளில் போய், ஒர்க்‌ஷாப்பில் பழக்கமான ரைஸ் மில்காரர் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தேன். அவருடைய பழைய கறுப்புக் கார் இன்ஜினைப் பிரித்துச் செய்ய வேண்டும். "வெள்ளிக்கிழமை கொண்டாறேன். எடத்தப் பாப்பேன். எடம் ஒழுங்கா இருந்தா உங்கிட்ட வுடுவேன். இல்லன்னா கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்கே போயிடுவேன்" என்றார். அப்பாவிடம் சொன்னேன்.

"சரி. வெள்ளிக்கெழம அந்தக் காரு வரட்டும்" என்றார் அப்பா. "வந்து உங்கிட்ட நிக்கட்டும். நிக்கலன்னா அன்னிக்கி சாயந்தரமே நீ போர்மேன் ஊட்டுக்குப் போயி மன்னாப்புக் கேட்டுட்டு வர்ற. நானும் வருவேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. என் வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்க்கக் கொடுத்து, வாங்கிவந்து, கூடத்து ஆணியில் மாட்டிவைத்தார். மன்னிப்புக் கேட்கப் போவதற்கான சட்டை. சாப்பிட உட்கார்ந்தால் அதுதான் எதிரில் தொங்கும். நான் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டேன்.

வேலைக்கு முதலில் ஒரு மேஜை வேண்டும். அதன் மேல் வைஸை முடுக்க வேண்டும். இரும்புத் துண்டைக் கவ்விப் பிடித்துக்கொள்வது வைஸ். அது அசைந்தால் அரம் போட முடியாது, திருகாணிக்குப் பல்லு வெட்ட முடியாது, ஒன்றும் முடியாது. நான் சந்தையில் மாமரத்தில் செய்த மேஜை ஒன்றை வாங்கிப் போட்டு வைஸை முடுக்கினேன். அரத்தைப் போட்டு நாலு இழுப்பு இழுத்ததும் மேஜை என்னோடு நடந்து வந்தது. நான் தள்ளினால் போகும், இழுத்தால் வரும். கோபத்தில் அதை ஓர் உதை உதைத்துக்கொண்டிருந்தபோது அத்தை வந்தாள். ஆட்டிப் பார்த்தாள். சுருக்குப் பையைத் தொடக்கூட இல்லை.

"இது மேசை இல்லடா. இதுல கொலு வெக்கலாம். அதுவும் பொம்மைங்க பயப்படும்."

"வேற வழி இல்ல அத்தே. வெள்ளிக்கெழம ஆளு வராரு."

"வரட்டும். தறி நிக்குது இல்ல? அது ஏன் ஆடல?"

"தறிக்காலு தரைக்குள்ள நட்டிருக்குது."

"அப்புறம் இன்னா?" என்றாள்.

மறுநாள் பழைய மரக்கடைக்குப் போனோம். இடித்த வீடுகளின் உத்திரமும் தூணும் கதவும் விற்கிற இடம். அத்தை ஓர் உத்திரத்தை இரண்டு கல்லின் மேல் தூக்கிவைக்கச் சொல்லி, அதன் நடுவில் ஏறிக் குதித்தாள். கடைக்காரர் ஓடி வந்தார்.

"யம்மா, மரம் வாங்க வந்தியா, ஊஞ்ச ஆட வந்தியா?"

"வளையுதான்னு பாக்கறேன்பா. என் ஒருத்தி வெயிட்டு போதல. நீயும் ஏறு."

அவர் ஏறினார். அவள் சொல்லும்போது ஏறாமல் இருக்க முடியாது. ஒன்று வளைந்தது. அதைத் தள்ளினாள். வளையாத வேங்கை உத்திரம் ஒன்றைக் காலுக்கு எடுத்தாள். மேல்பலகைக்குப் புளியமரம். கறிக்கடைக்காரன் வெட்டுகிற கட்டை எந்த மரமோ அந்த மரம்தான் அடி தாங்கும் என்றாள்.

ஆசாரி ஒருவர் வந்து உத்திரத்திலிருந்து நாலு கால் அறுத்தார். அவருக்கும் அத்தைக்கும் அன்று முழுக்கச் சண்டை. அவர் ஆணி அடிக்கலாம் என்றார். அத்தை கூடாது என்றாள். ஆணி இன்றைக்குப் பிடிக்கும், நாளைக்கு ஓட்டை பெரிதாகும், துளையடித்து முளை செருகு என்றாள். குறுக்குச் சட்டங்கள் காலுக்குள் புகுந்து மறுபக்கம் எட்டிப் பார்க்கிற மாதிரி செய்யச் சொன்னாள். காலைத் தரைக்குள் நடப்போகிறோம் என்றதும் ஆசாரி உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"தரைக்குள்ள நட்டா அது மேஜையாமா? அதுக்குப் பேரு பந்தக்காலு."

"நிக்கட்டும். பேரு நீயே வெச்சிக்கோ."

குழியை நான் தோண்டினேன். தொடை அளவு ஆழம். அடியில் ஒவ்வொன்றிலும் ஒரு கருங்கல் போட்டோம். கரையான் ஏறாமல் இருக்கக் கால்களின் அடிப்பக்கம் தார் பூசினோம். நட்ட பிறகு சுற்றிலும் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, அத்தை தன் வீட்டு உலக்கையைக் கொண்டுவந்து இடித்தாள். நெல் குத்துகிற மாதிரி மூச்சுவிட்டுக்கொண்டு இடித்தாள். என்னை நிற்கவைத்து, கையை மடக்கச் சொல்லி, முழங்கை எங்கே வருகிறதோ அதற்குக் கொஞ்சம் கீழே பலகை வரும்படி உயரம் வைத்தாள். பலகை ஏறியதும் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதன் மேல் வைத்தாள். தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கியது. ஆசாரி அந்தப் பக்கத்தைச் செதுக்கினார். மறுபடி தண்ணீர். மறுபடி செதுக்கல். எல்லாப் பக்கமும் சமமாக நிற்கிறவரை விடவில்லை. வைஸை ஆணியில்லாமல், பலகையைத் துளைத்துக் கீழே போல்ட் போட்டு முடுக்கினேன். அது என் வேலை. அதில் அவள் வாய் வைக்கவில்லை.

முடிந்ததும் தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டு ஏறச் சொன்னாள். பால்காரர் ஏறினார். ஆசாரி ஏறினார். எதிர் வீட்டில் சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த தடித்த மனிதர் ஒருவரையும் விடவில்லை. எல்லோரும் மேலே நின்று குதித்தார்கள். அத்தை கீழே நின்று விளிம்பைப் பிடித்து ஆட்டினாள். மலையைப் பிடித்து ஆட்டின மாதிரி இருந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இதுக்கு மேல யானைய ஏத்தினாதான் உண்டு" என்றார் பால்காரர்.

"கொண்டாயேன்" என்றாள் அத்தை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அன்று எங்கள் ஒருவருக்கும் தோன்றாத ஒன்று உண்டு. தறியை நெய்கிறவர் வெளிச்சம் பார்த்துப் போடுவார். ஜன்னல் எங்கேயோ தறி அங்கே. அதே பழக்கத்தில் அத்தை மேஜையை ஜன்னலுக்குப் பக்கத்தில், ஷெட்டின் குறுக்கே நட்டுவிட்டாள். தறி நட்ட வீட்டில் அதை யாரும் நகர்த்த மாட்டார்கள். மனிதர்கள்தான் சுற்றிப் போவார்கள். எங்கள் தெருவில் அத்தனை வீடும் அப்படித்தான். அதனால் பார்த்த எல்லாருக்கும் அது சரியாகவே பட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் ஓரிக்கைக்காரர் வந்தார். காரைக் கயிற்றால் கட்டி இரண்டு காளைகள் இழுத்து வந்தன. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். தெரு முழுக்கப் பின்னால் வந்தது. இறங்கி ஷெட்டுக்குள் வந்து மேஜையைப் பார்த்தார். அத்தை ஆட்டிப் பார்க்கச் சொன்னாள். ஆட்டினார். புருவத்தை உயர்த்தினார். வைஸைத் திருகிப் பார்த்தார்.

"பலே. எங்க மில்லுல கூட இப்படி ஒண்ணு இல்ல. சரி, வண்டிய உள்ள வுடு."

காளையை ஓட்டிவந்த ஆள் கயிற்றை இழுத்தான். காரின் மூக்கு கதவைத் தாண்டியது. அதோடு நின்றது. மூக்குக்கு நேராக மேஜை. அந்தப் பக்கம் சுவர். நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற இடம்தான் இருந்தது.

கார் ஷெட்டுக்குள் கார் போகாது. அது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

தெரு சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ஒருவன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். ஓரிக்கைக்காரர் சிரிக்கவில்லை.

"தெருவுல வெச்சி இன்ஜினப் பிரிக்க நான் வுட மாட்டேன்பா. மண்ணு பூரும். மேஜையப் பேத்துப் போடு."

"பேக்க முடியாது" என்றேன். அது உண்மை. நான் தோண்டிய குழி எனக்குத் தெரியும்.

"அப்போ நான் கம்பெனிக்குப் போறேன். காளைங்க பசியில நிக்குது."

நான் அப்போது வெள்ளைச் சட்டையைத்தான் போட்டிருந்தேன். காலையிலேயே அப்பா அதை எடுத்துக் கொடுத்து, போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் சந்துக்குப் பாவு விரிக்கப் போயிருந்தார். எப்படியும் சாயந்தரம் போகத்தான் போகிறோம் என்பது அவர் நினைப்பு. அந்தச் சட்டையின் கஞ்சி கழுத்தில் அறுத்தது.

அத்தை மேஜையைச் சுற்றிக்கொண்டு ஷெட்டின் உள்ளே போனாள். பின்சுவரில் கையை வைத்துத் தள்ளினாள். மண் உதிர்ந்தது. அந்தச் சுவரைப் பற்றி அவள் என் அப்பாவிடம் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வரும்போதெல்லாம் தோளால் இடித்துப் பார்ப்பாள். "டேய் தம்பி, உன் செவுரு ஆடுதுடா" என்பாள். "செவுரு எங்கயாவது ஆடுமா? போக்கா" என்பார் அப்பா.

"கடப்பாரை கொண்டா" என்றாள் என்னிடம்.

"அத்தே, அப்பா..."

"மேசை ஆடல. செவுரு ஆடுது. எதடா எடுக்கணும்? ஆடறதத்தான் எடுக்கணும். நில்லு, மொதல்ல முட்டு குடு."

கூரை இறங்காமல் இருக்க, அறுத்து மிச்சமிருந்த உத்திரத் துண்டுகளை மேல்கட்டைக்கு அடியில் நிறுத்தி, தன் பையிலிருந்த சில்லை அடித்து இறுக்கினாள். ஆட்டிப் பார்த்தாள். பிறகுதான் சுவரைத் தொட விட்டாள். வெளியே சந்தில் பாவு விரித்திருந்தது. ஒரு செங்கல் அந்தப் பக்கம் விழுந்தால் பட்டு இழை அறுந்துபோகும். அதுவும் எங்கள் பாவு.

"உள்ள இழுத்துத் தள்ளுடா! வெளிய ஒரு மண்ணு வுழக் கூடாது!"

மேல் வரிசையில் கடப்பாரையை நுழைத்து ஒரு கல்லை உள்ளே இழுத்தேன். வெளிச்சம் வந்தது. அத்தை ஒரு விறகுக்கட்டை மேல் ஏறி அந்த ஓட்டை வழியே எட்டிப் பார்த்தாள்.

அப்பா நேர் எதிரில் நின்றிருந்தார். பாவு சுருட்டுகிற நேரம். தூரத்தில் ஒருவர் நின்ற இடத்திலிருந்து சுருட்ட, அப்பா மறுமுனைக் கழியை வயிற்றோடு அணைத்துப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். விட்டால் மொத்தப் பட்டும் சிக்கிக்கொள்ளும். அவருடைய சொந்தச் சுவரில் ஒரு கல் காணாமல் போய், அங்கே அவர் அக்காவின் தலை தெரிந்தது.

"அக்கா! இன்னா பண்ற?"

"செவுத்த எடுக்கறேன்."

"யார் செவுரு அது!"

"உன்துதான். பாவ வுடாத! கெட்டியாப் புடி!"

"ஐயோ, யாராவது அவளப் புடிங்களேன்!"

யாரும் பிடிக்க முடியாது. ஆளுக்கு ஓர் இடத்தில் பாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சிரிக்கவும் முடியாது. சிரித்தால் கை ஆடும். பல்லைக் கடித்துக்கொண்டு அத்தனை பேரும் குலுங்கினார்கள்.

"எல்லாம் ஒழுங்கா நில்லுங்கடா!" என்று ஓட்டைக்குள் இருந்து அத்தை அதட்டினாள். "பாவு ஆடுது பாரு!"

நான் இழுக்க இழுக்கக் கல் வந்தது. அந்தச் சுவரில் சுண்ணாம்பு பெயருக்குத்தான் இருந்தது. உள்ளே முழுக்கக் கரையான் மண். அத்தை சொன்னது சரி, அது ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஓரிக்கைக்காரர் மேஜை மேல் ஏறி உட்கார்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தார். கம்பெனிக்குப் போகிற பேச்சே இல்லை. கொஞ்ச நேரத்தில், "அந்தப் பக்கம் இன்னும் ரெண்டு வரிசை எடுப்பா, மட்கார்டு இடிக்கும்" என்று யோசனை சொல்ல ஆரம்பித்தார். காளைக்காரனையும் கல் பொறுக்க அனுப்பினார்.

அப்பா முனையைப் பிடித்தபடியே ஒவ்வோர் அடியாக முன்னே நகர்ந்தார். பாவு சுருளச் சுருள, கத்துவது குறைந்தது. பாவு முழுதும் சுருண்டு முடிந்தபோது சுவரில் கார் போகிற அளவு வாசல் திறந்திருந்தது. ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை. சுருட்டிய கையோடு சந்தில் இருந்தவர்கள் எல்லாரும் போய்க் காரைத் தெருவைச் சுற்றித் தள்ளிக்கொண்டு வந்து, அந்த வழியாக உள்ளே விட்டார்கள். கார் வந்து மேஜைக்குப் பின்னால், அதற்கென்றே அளந்துவிட்ட இடத்தில் நின்ற மாதிரி நின்றது.

பிறகு அந்தத் திறப்புதான் என் கடைக்கு வாசல் ஆனது. வண்டிகள் சந்து வழியாக வந்தன. ஆனால் காலையில் பாவு சுருட்டி முடிக்கும்வரை எந்த வண்டியும் வரக் கூடாது என்பது சட்டம். அத்தைதான் அந்தச் சட்டத்தைப் போட்டாள்.

அப்பா உள்ளே வந்தார். கையில் இன்னும் பட்டு இழை ஒன்று ஒட்டியிருந்தது. சுவர் இருந்த இடத்தைப் பார்த்தார். முட்டுக் கொடுத்த கட்டைகளைப் பார்த்தார். காரைப் பார்த்தார். பிறகு மேஜையின் விளிம்பைப் பிடித்து ஆட்டினார். காலை ஊன்றி, இன்னும் பலமாக ஆட்டினார். கழுத்து நரம்பு புடைத்தது.

"ஆடுதா?" என்றாள் அத்தை.

"ஆடல" என்றார் அப்பா. சொல்ல அவருக்குப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "டேய். அந்தச் சட்டையக் கழட்டிட்டு வேலையப் பாரு."

கழற்றினேன். எங்காவது மாட்டலாம் என்று திரும்பினேன். அதற்குள் அத்தை ஒரு கையால் அதைப் பிடுங்கிக்கொண்டாள். மறு கையால் காரின் கதவைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"டேய், இது ஆடுதுடா."

"அத்தே, காருன்னா ஆடும். அடியில ஸ்பிரிங் இருக்குது."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது" என்றாள். சுருக்குப் பையில் சில்லு தீர்ந்துபோயிருந்தது. கஞ்சி போட்டுத் தேய்த்த அந்த வெள்ளைச் சட்டையை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள், குனிந்து காரின் பின்சக்கரத்துக்கு அடியில் வைத்துக் காலால் உதைத்து இறுக்கினாள்.